ராக் இசை: எளிது, ஆனால் லேசல்ல

மூன்றே கார்ட்களில் முடிந்துபோகும் பாட்டு, இருபது நிமிட இசைக் கோபுரத்துக்கு ஈடாகுமா? அரை நூற்றாண்டாக ஓயாத இந்தச் சண்டையில் இரு தரப்புக்குமே சங்கடம் தரும் சாட்சியங்கள் இருக்கின்றன.

மான்செஸ்டர், நவம்பர் 1973. ஃப்ரீ ட்ரேட் ஹால் மேடையில் யெஸ் குழு தன் புதிய படைப்பை வாசித்துக்கொண்டிருக்கிறது. மொத்தம் நான்கே உருப்படிகள். ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம். கீபோர்ட் கலைஞர் ரிக் வேக்மனுக்குப் பல இடங்களில் வேலையே இல்லை. கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுவதாக உத்தேசம் என்று உதவியாளர் கேட்கிறார். சிக்கன் விண்டாலூ, புலாவ், அப்பளம் என்று வேக்மன் அடுக்குகிறார். கொஞ்ச நேரத்தில் பொட்டலங்கள் மேடைக்கே வந்துவிடுகின்றன. கீபோர்ட்களின் மேல் அவற்றைப் பரப்பிவைத்து, கச்சேரி நடக்க நடக்கவே சாப்பிட ஆரம்பிக்கிறார். பிற்பாடு பல பேட்டிகளில் வேக்மனே சொல்லிச் சிரித்த கதை இது.

விண்டாலூ மட்டுமல்ல, அன்று வாசிக்கப்பட்ட இசையின் மூலமும் இந்தியாவிலிருந்து போனதுதான். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களை நான்காக வகைப்படுத்தும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் அதைப் படித்துச் சிலிர்த்துப்போனதன் விளைவுதான் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டு. ஓர் அடிக்குறிப்பிலிருந்து எண்பது நிமிட இசை. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. சுற்றுப்பயணம் முடிந்ததும் வேக்மன் குழுவை விட்டு விலகினார்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, ஏப்ரல் 1976இல் நியூயார்க்கிலிருந்து வேறொரு இசைத்தட்டு வந்தது. குவீன்ஸ் பகுதியின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் வளர்ந்த நான்கு பேர், ஆளுக்கொரு தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், எல்லோருக்கும் ரமோன் என்றே குடும்பப் பெயர் - யாரும் உறவில்லை. 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். ஒலிப்பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டைத்தான் கிதார்க்காரர்கள் கார்ட் என்கிறார்கள். ரமோன்ஸ் பாட்டுகள் பலவற்றுக்கும் அப்படி மூன்று, நான்கு கார்ட்கள் போதும். ராக் இசையின் பெருமையாகக் கருதப்பட்ட தனி கிதார் ஆவர்த்தனம் அநேகமாகக் கிடையாது. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி லண்டன் ரவுண்ட்ஹவுஸில் அவர்கள் வாசித்தார்கள். பிரிட்டனில் பங்க் இசை கிளம்பிய நாட்கள் அவை. 1977 ஜனவரியில் அங்கே ஒரு கையெழுத்துப் பத்திரிகை மூன்று கார்ட்களின் படத்தை மட்டும் போட்டு, இனி நீயே ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகனைக் கிளப்பிவிட்டது.

அன்றிலிருந்து சண்டைதான். பத்து வருடம் விரல் தேய சாதகம் செய்தவனும் பத்து நாளில் கார்ட் பிடிக்கக் கற்றவனும் ஒன்றா என்று ஒரு கட்சி. உன் சாதகம் எனக்கெதற்கு, பாட்டு என்னை உலுக்குகிறதா என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி கூச்சமில்லாமல் கணக்குப் போடும்: தாள மாற்றங்கள் எத்தனை, நொடிக்கு எத்தனை சுரம், பாட்டு எத்தனை நிமிடம். இரண்டாவது கட்சியின் ஆயுதம் விற்பனைக் கணக்கு. மக்கள் எளிமையைத்தான் கேட்கிறார்கள் என்பது அதன் வாதம்.

இந்த இரண்டாவது வாதம் சோதித்துப் பார்த்தால் தாங்காது. யெஸ்ஸின் எண்பது நிமிடம் முதலிடத்துக்குப் போனது. ரமோன்ஸின் 29 நிமிடம் அமெரிக்கப் பட்டியலில் தொட்ட உச்சம் 111ஆவது இடம். அவர்களுடைய எந்த இசைத்தட்டும் அமெரிக்காவில் முதல் நாற்பதுக்குள் நுழைந்ததில்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 முதல் 1988 வரை அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. அதில் வரும் 'மனி' பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. எளிமை என்பதும் ஜனரஞ்சகம் என்பதும் ஒன்றல்ல. விற்பனையை ஓரமாக வைத்துவிட்டு வாசிப்பவர்களின் கைகளைப் பார்ப்பதுதான் நியாயம்.

ரமோன்ஸின் டிரம்ஸிலிருந்து தொடங்கலாம். டாமி ரமோன் டிரம்மரே அல்ல. குழுவின் மேலாளராக இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' தயாரிப்பில் உதவிப் பொறியாளர். கிதாரின் உச்சகட்ட வித்தையைப் பக்கத்திலிருந்து கேட்டவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். டிரம்மர் வேண்டுமென்று ஆட்களை வரவழைத்துச் சோதித்தார்கள். வந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் அல்ல; தெரிந்ததையெல்லாம் வாசித்தார்கள், அதுதான் தொல்லை. இப்படி வேண்டும் என்று காட்டுவதற்காக டாமி உட்கார்ந்தார். கடைசியில் அவரே அந்த நாற்காலியில் தங்கிவிட்டார். அவர் செய்தது ஒன்றே ஒன்று: ஹை-ஹாட் எனப்படும் ஜோடித் தட்டில் இடைவெளியில்லாமல் இரட்டை வேக அடி, கீழே நேரான தாளம், அலங்காரம் எதுவுமில்லை.

பதினோரு வருடம் கழித்து இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. 1987 ஆகஸ்டில் அப்போதைய டிரம்மர் திடீரென்று விலக, ப்ளாண்டி குழுவின் க்ளெம் பர்க்கை அழைத்தார்கள். ராக் உலகம் மதித்த டிரம்மர் அவர். எல்விஸ் ரமோன் என்று பெயர் சூட்டி மேடையேற்றினார்கள். பிராவிடன்ஸில் ஒரு நாள், ட்ரென்டனில் மறுநாள். இரண்டே கச்சேரிகள், அத்துடன் சரி. அந்த வேகத்தில், அந்த ஒரே அடியை, விடாமல் வாசிப்பது அவருக்குக் கைவரவில்லை. பழைய டிரம்மர் மார்க்கியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பர்க் கையாலாகாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் சிச்செஸ்டர், கிளஸ்டர்ஷையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரம்மர்களின் உடலுழைப்பை அளக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2008இல் வெளியான முடிவுகளின்படி, கச்சேரியின்போது அவருடைய இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150, உச்சத்தில் 190. கால்பந்து ஆட்டக்காரர்களுடன் ஒப்பிடும் அளவு. 2025 ஏப்ரலில் காலமாகும்வரை மேடையை விடாத மனிதர். அப்படிப்பட்டவரையே கவிழ்த்தது, எந்தப் பள்ளி மாணவனும் வாசித்துவிடலாம் என்று எள்ளப்பட்ட அடி.

ஜானி ரமோனின் வலது கையும் அப்படித்தான். சாதாரணமாக கிதார்க்காரர்கள் மேலும் கீழுமாகக் கம்பியை வருடுவார்கள். பாதி உழைப்பு மிச்சமாகும். ஜானி கீழ்நோக்கி மட்டுமே அடித்தார். அவர்களுடைய முதல் பாட்டின் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் ஆறு அடி. மேடையில் வேகம் இன்னும் கூடும். 1977 டிசம்பர் 31 இரவு லண்டன் ரெயின்போ அரங்கில் 28 பாட்டுகளை 54 நிமிடத்துக்குள் முடித்தார்கள். மேலும் கீழும் வருடினால் கேட்பவர்களில் பாதிப்பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று தோன்றலாம். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தில் விழும்போதுதான் அந்த மர அறுவை இயந்திரச் சத்தம் பிறக்கிறது.

எண்ணிக்கை பார்ப்பவர்களின் கணக்கில் இது எதுவும் வராது. காகிதத்தில் எழுதினால் நான்கே வரி. ஒரே அடியை நூறு முறை, நூறாவது முறையும் முதல் முறை போல விழவைப்பதற்கு ஸ்வரக் குறிப்பில் அடையாளம் இல்லை. ஒலியின் குணத்துக்கும் இல்லை. லெட் ஸெப்பலினின் ஜான் பான்ஹம் கடினமான எதையும் வாசிக்கக்கூடியவர். 1971இல் வந்த 'வென் த லெவீ பிரேக்ஸ்' பாட்டில் அவர் வாசித்தது, கற்றுக்கொள்ளும் பையனும் ஒரு வாரத்தில் பிடித்துவிடக்கூடிய தாளம். ஆனால் டிரம்ஸை ஹாம்ப்ஷையரின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் போட்டார்கள். இரண்டு மைக்குகளை மேலே தொங்கவிட்டார்கள். அடி விழுந்ததும் கட்டிடமே பதில் சொல்வது போல ஒரு முழக்கம். ஹிப்-ஹாப் கலைஞர்கள் அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப வெட்டியெடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஏசி/டிசி குழு இன்னும் பிடிவாதம். 1980இல் வந்த 'பேக் இன் பிளாக்' உலகெங்கும் சுமார் 5 கோடி பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. தலைப்புப் பாட்டின் அஸ்திவாரம் மூன்றே கார்ட்கள். பள்ளிச் சீருடையில் மேடையெங்கும் ஓடிய ஆங்கஸ் யங்கைத்தான் ரசிகர்கள் பார்த்தார்கள். பின்னால் ஒலிபெருக்கியின் அருகே நின்றுகொண்டு அண்ணன் மால்கம் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் கிதார் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும் இடங்கள்தான் பாட்டையே நடத்துகின்றன. ஞாபக மறதி நோயால் 2014இல் மால்கம் ஒதுங்க நேர்ந்தபோது அவர் இடத்துக்கு வந்தது வெளியாள் அல்ல, யங் குடும்பத்தின் ஸ்டீவி. மால்கம் 2017இல் காலமானார்.

எதிர்முகாமிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. கனடாவின் ரஷ் குழுவின் நீல் பியர்ட் - ராக் டிரம்மர்களில் நுணுக்கத்தின் சிகரம் என்று ஒரு தலைமுறையே கொண்டாடியவர். 1994இல், நாற்பதைத் தாண்டிய வயதில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். தன் வாசிப்பு கணக்காக இருக்கிறது, ஆனால் இறுகிப்போய்விட்டது என்ற குறை அவருக்கு. குச்சியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டு, அடிக்கும் அடிக்கும் இடையே கை எப்படிப் பயணப்படுகிறது என்பதைக் கற்றார். வித்தையெல்லாம் கைவசம் இருந்தவர் தேடிப்போனது, எளிய தாளக்காரனுக்கு முதல் முதலாகத் தேவைப்படும் இலகுவை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எளிமைக்கே வெற்றி என்று மணி அடித்துவிட முடியாது. சிக்கலான இசையால் மட்டுமே முடிகிற காரியங்கள் இருக்கின்றன. பிங்க் ஃப்ளாய்ட் 1975இல் வெளியிட்ட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' 26 நிமிடம் நீள்வது. மனநிலை குலைந்து குழுவிலிருந்து உதிர்ந்துபோன பழைய நண்பர் சிட் பாரெட்டைப் பற்றியது. குரல் ஒலிப்பதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1975 ஜூனில் அந்த இசைத்தட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தார். அது பாரெட்தான் என்று பழைய நண்பர்களுக்கே உடனே அடையாளம் தெரியவில்லை. அந்தக் காத்திருப்பை, இழப்பு மெல்ல மெல்ல உறைக்கும் அந்த நேரத்தை, ரமோன்ஸின் இரண்டு நிமிடத்தில் வைக்க முடியாது. ஆனால் அந்த நெடும் படைப்புக்கு வித்திட்டது டேவிட் கில்மோரின் கிதாரில் விழுந்த நான்கு சுரங்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எளிமைக்கு இன்னொரு ஆபத்து, அது சீக்கிரம் தீர்ந்துபோகும். ரமோன்ஸின் முதல் நான்கு இசைத்தட்டுகள் 1976க்கும் 1978க்கும் இடையே வந்துவிட்டன. குழு 1996 வரை நீடித்தது, 2,263 கச்சேரிகள். பிற்காலப் பாட்டுகளில் சில நன்றாகவே இருக்கின்றன. என்றாலும் முதல் மூன்று வருடத்தில் சொன்னதைத் தாண்டிச் சொல்ல அந்தப் பாணியில் பெரிதாக இடமில்லை. பீட்டில்ஸ் இந்தப் பொறியில் சிக்காததற்குக் காரணம், எளிய பாட்டுக்குள் கணக்கை ஒளித்துவைக்கக் கற்றதுதான். 1967 ஜூன் 25 அன்று செயற்கைக்கோள் வழியே பல நாடுகளுக்கு ஒளிபரப்பான 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டைக் குழந்தைகளும் கூடவே பாடுகிறார்கள். அதன் சரணங்கள் பெரும்பாலும் ஏழு எண்ணிக்கை. பாடுகிறவர்கள் யாரும் எண்ணுவதில்லை. ரிங்கோ ஸ்டார் எண்ண விடுவதில்லை என்பது இன்னும் சரி. ரிங்கோ பீட்டில்ஸ் குழுவுக்குள்ளேயே சிறந்த டிரம்மர் அல்ல என்று ஜான் லென்னன் கேலி செய்ததாக ஒரு துணுக்கு உலவுகிறது. லென்னன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.

ஏழு எண்ணிக்கை என்றதும் லண்டன் விமர்சகர்கள் புருவம் உயர்த்தியது இந்தியக் காதுகளுக்கு வேடிக்கையாக இருக்கும். மிஸ்ர சாபுவில் தொடையைத் தட்டிக்கொண்டே கீர்த்தனை கேட்கிற மாமாக்களுக்கு ஏழு என்பது தினசரிச் சாப்பாடு. சிக்கல் என்பதே ஊரைப் பொறுத்த விஷயம். பிரிட்டிஷ் கிதார்க்காரர் ஜான் மெக்லாஃப்லின் இதை நேரடியாகவே அனுபவித்தார். 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மின் கிதாரை மயிர்க்கூச்செறியும் வேகத்தில் முழங்கியவர், சில ஆண்டுகளில் அதை வைத்துவிட்டு, வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் தரையில் உட்கார்ந்தார். ராக்கின் உச்சகட்டக் கணக்கிலிருந்து வந்தவருக்கு அங்கே மண்பானையோடு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், சக்தியின் 'திஸ் மொமென்ட்' கிராமி விருது பெற்றது.

இந்திய ராக் மேடைகள் நெடுங்காலம் வித்தையின் பக்கமே சாய்ந்திருந்தன. கல்லூரி விழாப் போட்டிகளிலும், 1986இல் மும்பையில் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவின் ரங் பவன் மேடையிலும், வேகமான கிதார் ஆவர்த்தனத்துக்கு விழுந்த கைத்தட்டல் தனி. வேகமாக வாசிப்பவன் கெட்டிக்காரன் என்பது கச்சேரி கேட்டு வளர்ந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. அதே நாட்டில், ஷில்லாங்கில், லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்த நாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வந்திருக்கிறார். டிலனின் பாட்டுகளில் பலவும் கிதார் வகுப்பின் முதல் மாதத்திலேயே வாசித்துவிடக் கூடியவை. கைகளுக்கு அவை எளிது. பாடத்தான் நெஞ்சு வேண்டும்.

சண்டைபோட்ட இரண்டு கட்சிகளும் தனியாக இருக்கும்போது அவ்வளவு கறாராக இருக்கவில்லை. பிங்க் ஃப்ளாய்டை வெறுக்கிறேன் என்று கையால் எழுதிய பனியனைப் போட்டுத் திரிந்தவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன். பங்க் உச்சத்தில் இருந்த 1977 ஜூலையில் லண்டன் கேபிடல் ரேடியோ அவரை அழைத்து, பிடித்த இசைத்தட்டுகளைப் போடச் சொன்னது. அவர் கொண்டுவந்த கட்டில் மூன்று கார்ட் ஆசாமிகள் குறைவு. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற படு சிக்கலான குழுவின் பீட்டர் ஹாமில் இருந்தார், தாளத்தைத் துண்டு துண்டாக்கும் கேப்டன் பீஃப்ஹார்ட் இருந்தார், ஜமைக்காவின் ரெகே இருந்தது. குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கு இது ரசிக்கவில்லை. ரவுடிப் பிம்பம் கெட்டுவிடும் என்ற கவலை. அதே ஆண்டு பங்க் குழுவான டேம்ண்ட் தன் இரண்டாவது இசைத்தட்டைத் தயாரித்துத் தர, பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசனை அமர்த்திக்கொண்டது. தட்டு எடுபடவில்லை என்பது வேறு விஷயம்.

ரமோன்ஸின் முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளைத் தொட்டு, தங்கத் தகுதி பெற்றது 2014 ஏப்ரலில் - வெளிவந்து 38 ஆண்டுகள் கழித்து. அதற்குள் ஜோயி 2001இலும் டீ டீ 2002இலும் ஜானி 2004இலும் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியிருந்தவர் டாமி ஒருவர்தான். கடைசி ஆண்டுகளில் அவர் டிரம்ஸ் வாசிக்கவில்லை; இருவர் மட்டுமே கொண்ட ஒரு சிறு குழுவில் மாண்டலினும் பாஞ்சோவும் வாசித்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் வந்த மூன்றாவது மாதம், ஜூலை 11 அன்று, அவரும் காலமானார்.